திரவ நைட்ரஜனில் போட்டால் சோலை விதைக்கு வயசே ஆகாதா?

கோத்தகிரி நாற்றங்கால் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழ ஒரு சின்ன நாற்றங்கால் வெச்சிருக்கேன். மலையில இருக்கற சோலைக்காட்டு மரக் கன்றுங்க மட்டும்தான், அலங்காரச் செடி கிடையாது. வாட்டில்ங்கற வெளிநாட்டு மரத்தை வெட்டி எடுத்த இடத்துல நடறவங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க.

போன வாரம் பக்கத்து வீட்டு மாட்டுக்குச் சினை ஊசி போட வந்தாங்க. வந்தவர் நைட்ரஜன் கேனைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையோட தரையா போச்சு. இடுக்கியால வைக்கோல் மாதிரி மெல்லிசா ஒரு குழலை எடுத்து வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் போட்டு, துடைச்சு, ஊசியில ஏத்தினார். "இது எத்தனை வருஷம் தாங்குங்க?"ன்னு கேட்டேன். "நைட்ரஜன் தீராம பார்த்துக்கிட்டா எத்தனை வருஷம்னாலும் இருக்கும்"னார். அதுல இருந்து எனக்கு ஒரே யோசனை.

என் பிரச்சினை நாவல் இன மரங்க. சோலைக்குள்ள ஒரு வருஷம் பழம் கொட்டும், அப்புறம் பேருக்குக்கூட இருக்காது. கொட்டுற வருஷத்துல விதையை எடுத்து வெச்சுக்கலாம்னா அது தாங்க மாட்டேங்குது. நிழல்ல காய வெச்சா தோல் சுருங்கும். குறுக்க அறுத்துப் பார்த்தா பச்சையும் ஊதாவுமா இருக்க வேண்டிய பருப்பு பழுப்பேறி, விளிம்புல இருந்து கறுத்துக்கிட்டு வரும். நட்டா அழுகிடும்.

அண்ணன் பையன் கோயமுத்தூர்ல இயற்பியல் படிக்கிறான். அவன் சொல்றான், 2025 நோபல் பரிசே குவாண்டம் டன்னலிங்குக்குத்தான் குடுத்தாங்க, எவ்வளவு குளிர்லயும் துகளுங்க தடையைத் துளைச்சுக்கிட்டுப் போகும், அதனால விதைக்கு வயசாகறது நிக்காதுன்னு. அவன் கூட்டாளி, -196 டிகிரியில எல்லாமே நின்னுடும்னு சொல்றான். ரெண்டு பேரும் என் திண்ணையில உட்கார்ந்து ஒரு சாயங்காலம் பூரா வாதாடினாங்க.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. என் விதையை அந்தக் கேன்ல போடலாமா? போட்டா நிஜமாவே வயசாகாதா? இதுல குவாண்டத்துக்கு என்ன வேலை?

---

மேல்மலை உழவன் பதில்:

அக்கா, நைட்ரஜனுக்கெல்லாம் எதுக்குப் போறீங்க? நார்வே பக்கம் சுவால்பார்டுல 2008-ல கட்டின உலக விதைக் கிடங்குலயே -18 டிகிரிதான். விதையை நல்லா காய வெச்சு, காத்துப் புகாத டப்பால போட்டு ஃப்ரீசர்ல வைங்க. விதை ஈரம் ஒரு சதவீதம் குறைஞ்சா ஆயுசு ரெண்டு மடங்கு, அஞ்சு டிகிரி சூடு குறைஞ்சா இன்னொரு ரெண்டு மடங்குன்னு ஒரு கணக்கு இருக்கு. எங்க பீன்ஸ், பட்டாணி விதைக்கு இது அப்படியே பொருந்துது.

---

பாம்பார் ஓரம் பதில்:

அம்மா, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். முழு விதையை அந்தக் கேனில் போடாதீர்கள். போட்டால் அன்றோடு அதன் கதை முடிந்தது.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது வட்டக்கானல் பக்கம் இருக்கிறேன். நானும் சோலைக் கன்றுதான் வளர்க்கிறேன். நீங்கள் கேட்டது நான் பல வருடமாக விடாமல் படித்துவரும் விஷயம் என்பதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல்மலைத் தம்பி சொன்ன கணக்கு சரியானதுதான். 1970-களின் தொடக்கத்தில் ஹாரிங்டன் எழுதிய விதி அது. ஆனால் காய்ந்தால் தாங்கும் விதைக்கு மட்டுமே செல்லும். நெல், பீன்ஸ், பட்டாணி எல்லாம் ஐந்து சதவீத ஈரம்வரை உலர்ந்தும் உயிரோடு இருக்கும். நாவல், பலா, மா, தேயிலை, லவங்க இனம் எல்லாம் வேறு சாதி. தண்ணீரோடு விழுந்து தண்ணீரோடு முளைப்பவை. ஈரம் இருபது முப்பது சதவீதத்துக்குக் கீழே போனாலே செத்துவிடும். 1973-ல் ராபர்ட்ஸ் இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டினார். பிறகு 1990-ல் நடுவில் ஒரு வகையும் உண்டு என்றார்கள். அதற்குக் காட்டிய உதாரணம் காப்பி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பி விதைக்கு நாற்று விடுபவர்கள் ஏன் பழைய விதையைத் தொடமாட்டார்கள் என்பது இதிலேயே விளங்கும்.

நம்மைப்போல் ஈரக்காட்டில் வேலை செய்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2018-ல் வந்த ஒரு கணக்கெடுப்பின்படி, அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிட்ட செடிகொடி மரங்களில் 36 சதவீதத்துக்கு உலர்த்தி வைக்கும் வங்கி உதவாது. உலகின் எல்லா மரவகைகளையும் எடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு. சுவால்பார்டு எத்தனை பெரிய கிடங்காக இருந்தாலும் இவற்றுக்கு அங்கே இடமில்லை.

இனி கேனுக்கு வருவோம். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பருக்கும். செல்லுக்குள் பனிப்படிகம் வளர்ந்தால் சவ்வு கிழியும். பாதி எடை தண்ணீராக இருக்கும் விதை -196-க்குப் போகும் வழியிலேயே கிழிந்துவிடும். அப்படியானால் மாட்டு விந்து எப்படிப் பிழைக்கிறது? 1949-ல் லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர் கிளிசரால் கலந்து உறையவைத்தால் விந்தணு சாகாது என்று கண்டார்கள். அந்தக் குழலுக்குள் இருப்பதிலும் அந்தக் காப்புக் கலவை உண்டு. குழல் மெல்லியது, அளவோ ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. குளிர் ஒரே சீராக உள்ளே இறங்கும். உங்கள் நாவல் கொட்டை கோலிக்குண்டு அளவு. அதன் நடுப்பகுதி குளிர்வதற்குள் பனி வளர்ந்துவிடும்.

ஆக, குளிரவைக்க வேண்டும், ஆனால் பனி வரக்கூடாது. படிகமாகாமல் கண்ணாடியாக இறுக வேண்டும். சர்க்கரைப் பாகை மெதுவாக ஆறவிட்டால் கற்கண்டு. சட்டென்று ஆறவிட்டால் ஒளி ஊடுருவும் மிட்டாய். இரண்டும் அதே சர்க்கரை, மிட்டாயில் மூலக்கூறுகளுக்கு வரிசை கட்ட நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வறண்ட நெல்மணிக்குள் செல்சாறு இப்படித்தான் சர்க்கரையும் புரதமும் சேர்ந்த கண்ணாடியாக இறுகிக் கிடக்கிறது. நாவல் விதைக்கு அந்தத் தயாரிப்பு முழுதாக நடப்பதில்லை. சுத்தத் தண்ணீரைக் கண்ணாடியாக்க நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி கணக்கில் குளிர்விக்க வேண்டும். விதைக்கு அது நடக்காத காரியம்.

இப்போது உங்கள் திண்ணையில் நடந்த வாதம். இரண்டு பிள்ளைகளிடமும் நான் ஒரு கணக்கைக் கொடுப்பேன். ஒரு வேதிவினைக்குக் கடக்கவேண்டிய தடை மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். குளிரக் குளிர வினையின் வேகம் எவ்வளவு குறையும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சூத்திரத்தில் 27 டிகிரியையும் -196 டிகிரியையும் போட்டுப் பாருங்கள். வேகம் ஒன்றுக்குப் பின்னால் 25 சுழியம் போட்ட மடங்கு குறையும். அறையில் ஒரு நொடியில் முடிகிற வினைக்கு அங்கே அண்டத்தின் வயதைப்போல மூன்று கோடி மடங்குக்கு மேல் காலம் வேண்டும். இந்த இடத்தில் "எல்லாம் நின்றுவிடும்" என்று சொன்ன பையன் ஜெயித்துவிட்டதாகத் தோன்றும்.

ஆனால் அமெரிக்காவில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் விதைப் பாதுகாப்பு மையத்தில் இதை நிஜமாகவே சோதித்தார்கள். உலர்ந்த லெட்யூஸ் கீரை விதையைத் திரவ நைட்ரஜனில் பத்தாண்டுக்கும் மேல் வைத்து, முளைப்புத் திறனை அளந்து 2004-ல் வெளியிட்டார்கள். விதைக்கு அங்கேயும் வயதாகியிருந்தது. கணக்கிட்டுச் சொன்ன அரையாயுள், அதாவது பாதி விதை முளைப்பை இழக்க ஆகும் காலம், நைட்ரஜன் ஆவியில் வைத்த விதைக்குச் சுமார் 500 ஆண்டு, திரவத்தில் வைத்ததற்குச் சுமார் 3400 ஆண்டு. மனித வாழ்வுக்கு இது ஏராளம். ஆனால் சூத்திரம் சொன்ன கோடானுகோடி எங்கே, 3400 எங்கே!

இந்த இடைவெளிதான் என்னைப் பல இரவு தூங்கவிடாதது. அண்ணன் பையன் உடனே, "அதுதான் டன்னலிங்" என்பார். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 1973-ல் சோவியத் விஞ்ஞானி கோல்டான்ஸ்கியின் குழு ஃபார்மால்டிஹைடு சங்கிலியாகக் கோக்கும் வினையைக் கடுங்குளிர்வரை கொண்டுபோய் அளந்தது. ஏறத்தாழ 10 கெல்வினுக்கு, அதாவது -263 டிகிரிக்கு, கீழே போனபின் வேகம் குறையாமல் அப்படியே நின்றது. அங்கே டன்னலிங் பொறுப்பேற்றுக்கொண்டது. திரவ நைட்ரஜன் 77 கெல்வின். அணுக்கூட்டம் பெயர்ந்து நடக்கிற வினைகளில் அங்கே இன்னும் வெப்பத்தின் ஆட்சிதான். எடை குறைந்த ஹைட்ரஜன் மட்டும் விதிவிலக்கு, அது இன்னும் சூடான இடத்திலேயே துளைத்துக்கொண்டு போகும். 2022-ல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தார் டிஎன்ஏ ஏணியின் படிகளில் ஒரு வகையான ஜி-சி இணையில் புரோட்டான், அதாவது ஹைட்ரஜனின் அணுக்கரு, இப்படித் தாவுவதைக் கணக்கிட்டு, முன்பு நினைத்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்றார்கள். ஆனால் அது போன வேகத்தில் திரும்பியும் வந்துவிடும் தாவல். அந்தக் கணக்குக்கு அடிப்படை, சுற்றுப்புறத்தோடு உரசிக்கொண்டே இருக்கும் குவாண்டம் அமைப்புகளின் கணிதம். 1976-ல் அதன் சமன்பாட்டை லிண்ட்பிளாட் ஒருபக்கமும், கோரினி, கொசகோவ்ஸ்கி, நம் சுதர்சன் மூவரும் மறுபக்கமும் எழுதினார்கள். சுதர்சன் 80-களில் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அவர் பெயர் ஒரு விதையின் பேச்சில் வந்து நிற்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்படியானால் லெட்யூஸுக்கு எப்படி வயதானது? கண்ணாடியைத்தான் கேட்க வேண்டும். கண்ணாடி அசையாமல் உறைந்துபோன பொருள் கிடையாது. பெரிய நகர்வுகள் நின்ற பிறகும் மூலக்கூறின் ஓரங்கள் தம் இடத்திலேயே திரும்பும், நடுங்கும். அந்தச் சின்ன அசைவுகளுக்குத் தடையும் சின்னது. குளிரக் குளிர வயதாவதன் தடையே தாழ்ந்துகொண்டு போகிறது என்பதுதான் ஃபோர்ட் காலின்ஸ் முடிவு. ஒரே ஒரு தடையை வைத்து நான் மேலே போட்ட கணக்கு பொய்த்தது அதனால்தான்.

கண்ணாடி ஏன் இறுகுகிறது என்பதற்கு இன்றுவரை முழு விடை இல்லை. 1995-லேயே இயற்பியலாளர் ஆண்டர்சன், திடப்பொருள் இயற்பியலின் மிக ஆழமான தீராத கேள்வி இதுவாக இருக்கலாம் என்று எழுதினார். ஒழுங்கற்ற அமைப்புகளுக்கு பாரிசி 1979-ஐ ஒட்டிக் கண்டுபிடித்த விடைக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. அந்தச் சூத்திரம் சரிதான் என்று கணித முறையில் தாலக்ராண்ட் 2006-ல் நிறுவினார். 2024-ல் அவருக்கு ஏபல் பரிசு கொடுத்தபோது இதையும் சொல்லித்தான் கொடுத்தார்கள். பரிமாணங்கள் எண்ணிறந்தவை என்று வைத்துக்கொண்டால் கோளங்களால் ஆன கண்ணாடிக்கும் விடை தெரியும். நம் மூன்று பரிமாணத்துக்கு, அதாவது உங்கள் கையில் இருக்கும் விதைக்கு, இன்னும் தெரியாது.

கண்ணாடிக்குள் டன்னலிங்கும் உண்டு. 1972-ல் ஆண்டர்சன், ஹால்பெரின், சந்திரா வர்மா மூவரும், அதே ஆண்டில் தனியாக ஃபிலிப்ஸும் அதைச் சொன்னார்கள். அது ஓங்குவது ஒரு கெல்வினுக்குக் கீழே. 2025-ல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவரான மார்ட்டினிஸ், குவாண்டம் கணினிச் சுற்றுகளை முக்கியமாகக் கெடுப்பது அவற்றில் இருக்கும் கண்ணாடித் தன்மையுள்ள காப்புப் படலத்தின் டன்னலிங்தான் என்று 2005-ல் காட்டினார். அண்ணன் பையனிடம் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கேட்டது நல்ல கேள்வி. இடம்தான் மாறியிருக்கிறது.

உங்களுக்குப் பயன்படுகிற ஒரு செய்தி அந்த லெட்யூஸ் ஆய்வில் இருக்கிறது. கொஞ்ச நாள் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு குளிருக்கு அனுப்பிய விதைக்கு நைட்ரஜனின் பலன் குறைந்துகொண்டே போனது. தொடங்கிவிட்ட சிதைவு குளிரிலும் தொடர்கிறது. எந்த முறையானாலும் விதை புதிதாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

---

கோத்தகிரி நாற்றங்கால்:

ஐயா, ரொம்ப நன்றி. அண்ணன் பையனுக்குப் படிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவை படிக்கச் சொன்னான். அவன் இன்னொண்ணு கேக்கறான். ஊட்டியில காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கே, வானத்துல இருந்து மியூவான்ங்கற துகள் கொட்டிக்கிட்டே இருக்குன்னு சொல்றாங்களே, அது விதையைக் கெடுக்காதா? குளிர் அதைத் தடுக்காதே?

---

பாம்பார் ஓரம்:

தம்பி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். குளிர் அதைத் தடுக்காது. கடல்மட்டத்திலேயே சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான் வீதம் இறங்குகிறது. தம்பி சொன்ன ஊட்டி ஆய்வகத்தின் கிரேப்ஸ்-3 கருவி சுமார் 2200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 560 சதுர மீட்டரில் மியூவான் எண்ணுகிறார்கள்.

உயிருள்ள செல்லில் கதிர் டிஎன்ஏவை உடைத்தால் பழுது பார்க்கிற நொதிகள் ஓடிவரும். -196-ல் அவை உறங்குகின்றன. உடைப்பு சேர்ந்துகொண்டே போகும். உயிருள்ள செல்களை உறையவைப்பதை ஆராய்ந்த மேசர் 1984-ல் இதை எழுதினார். மண்ணிலும் வானிலுமிருந்து வரும் இயற்கைக் கதிர்வீச்சு ஆபத்தான அளவுக்குச் சேர ஆயிரக்கணக்கான ஆண்டு ஆகும் என்பது அவர் கணக்கு. உங்கள் கவலைப் பட்டியலில் இதற்குக் கடைசி இடம் கொடுக்கலாம். முதல் இடம் தண்ணீருக்கு.

---

விதைப்பெட்டி பதில்:

நான் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். கையால் செய்கிற பகுதியை மட்டும் சொல்கிறேன்.

அக்கா, நாவல் போன்ற விதையில் நைட்ரஜனுக்குப் போவது முழுக் கொட்டை கிடையாது. பருப்பைப் பிளந்தால் இரண்டு பாதிக்கும் நடுவில் குண்டூசித் தலையை ஒட்டிய அளவில் வெளிறிய முனை ஒன்று தெரியும். அதுதான் கரு. நுண்ணோக்கிக்குக் கீழே கத்திமுனையால் அதைப் பிரித்து, கிருமியில்லாத காற்றோட்டத்தில் சில மணி நேரம் வேகமாக உலர்த்துவார்கள். இல்லாவிட்டால் கிளிசரால், எத்திலீன் கிளைக்கால், டிஎம்எஸ்ஓ, சர்க்கரை கலந்த கரைசலில் ஊறவைப்பார்கள். 1990-ல் ஜப்பானில் சகாய் குழு ஆரஞ்சு செல்லுக்குச் செய்த கலவை இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. டெல்லியில் என்பிபிஜிஆர் என்ற தேசியத் தாவர மரபுவள நிறுவனம் தேயிலை விதையின் கருவை உலர்த்தி, நைட்ரஜனில் வைத்து, திரும்ப முளைக்கவைத்தது 1990-களிலேயே நடந்தது. நம் நீலகிரித் தேயிலைக்கு வழி இருக்கிறதென்றால் சோலை மரத்துக்கும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் தனியாக உலர்த்தும் நேரம் கண்டுபிடிக்க வேண்டும். கருவை எடுத்த பிறகு வளர்க்கத் திசு வளர்ப்புக் கூடமும் வேண்டும். நாற்றங்காலில் நடக்காது.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. முதலில், எந்த மரம் எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ளுங்கள். சோலை மரங்களில் பலவற்றுக்கு யாரும் சோதித்து எழுதி வைக்கவில்லை. பழம் விழுந்ததும் சதையைக் கழுவி எடுத்து, நகைக்கடைத் தராசு இருந்தால் எடை போடுங்கள். கொஞ்சம் விதையை ஆய்வுக்கூட அடுப்பில் 103 டிகிரியில் 17 மணி நேரம் வைத்தால் ஆரம்ப ஈரம் தெரியும். பெரிய விதையை வெட்டி வைக்க வேண்டும். ஈரம் 50 சதவீதம் என்று வந்தால், மீதி விதையில் 100 கிராமை எடுத்து நிழலில் பரப்புங்கள். எடை 62.5 கிராமுக்கு வரும்போது ஈரம் 20 சதவீதம் ஆகியிருக்கும். நடுவில் சில எடைகளில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விதைத்து முளைப்பை எழுதி வையுங்கள். எந்த எடையில் முளைப்பு விழுகிறதோ அதற்குக் கீழே அந்த மரத்தை உலர்த்தக்கூடாது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் அந்த எண் பிறகு ஆய்வுக்கூடத்தில் கருவை உலர்த்துபவருக்கு நேராக உதவும்.

வைத்திருக்க வேண்டுமென்றால் ஈரமான தேங்காய் நார்த்தூளில் புதைத்து, துளைபோட்ட பையில் பதினைந்து டிகிரி வாக்கில் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து, பூஞ்சை பிடித்ததை எடுத்துப் போட வேண்டும். சாதாரண ஃப்ரிட்ஜின் நான்கு டிகிரி இந்த வகை விதைகள் பலவற்றுக்கு ஆகாது, கறுத்துவிடும். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். இதில் கிடைப்பது சில வாரம், சிலதுக்குச் சில மாதம். வருடக்கணக்கு கேட்டால் என் பதில், உடனே விதைத்துவிடுங்கள். அடர்ந்த நிழலில், சின்னப் பையில், உரம் போடாமல் வைத்தால் சோலைக் கன்று மெதுவாகத்தான் வளரும். காட்டுக்குள் தாய்மரத்தடியில் வருடக்கணக்காக முழங்கால் உயரத்தில் நிற்பவை அப்படித்தான் காத்திருக்கின்றன. பழமில்லாத வருடங்களுக்கு அதுதான் உங்கள் இருப்பு.

---

மேல்மலை உழவன்:

அக்கா, ஃப்ரீசர்னு சொன்னது பீன்ஸை மனசுல வெச்சு. நீங்க வைக்க வேண்டாம். எங்க ஊர்ப் பக்கச் சோலையில இந்த வருஷம் நாவல் இனம் ஒண்ணு நிறைய பூத்திருக்கு. பழம் விழுந்தா சொல்றேன், வனத்துறையில அனுமதி வாங்கிட்டு வாங்க.

---

கோத்தகிரி நாற்றங்கால்:

கண்டிப்பா வரேன் தம்பி. தராசு இருக்கு, நிழல்வலையும் இருக்கு. 103 டிகிரி அடுப்புதான் இல்ல. விதைப்பெட்டி அக்கா, ஈரம் மட்டும் பார்த்துச் சொல்ல யாராவது இருந்தா, காத்துப் புகாத பாட்டில்ல போட்டு அனுப்பினா சரியா வருமா? எத்தனை நாளுக்குள்ள போய்ச் சேரணும்?

---

விதைப்பெட்டி:

வரும். பறித்த அன்றே கழுவி, மேல் ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்து, கண்ணாடி பாட்டில் நிறைய போட்டு மூடுங்கள், உள்ளே காற்றிடம் குறைவாக இருக்கட்டும். இரண்டு நாளுக்குள் வந்தால் நல்லது. மூடும் முன் பாட்டிலோடு எடை போட்டு மேலே எழுதி ஒட்டுங்கள், வந்ததும் திரும்ப எடை போட்டு வழியில் ஈரம் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். முகவரி தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.